சனிக்கிழமைப் பாடம்

— அப்போ இந்தச் சீட்டு உங்க பையில தானா முளைச்சுதா?

— எந்தச் சீட்டு?

— சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். மார்புப் பையில நாலா மடிச்சு இருந்துச்சு.

— கொடு இங்க. லிஃப்ட் வேலைக் குறிப்பா இருக்கும்.

— அப்படியா? படிக்கறேன், கேளுங்க. ‘ஜி, வீடு. சி, வாசல் வரைக்கும் போறது. டி, தெருமுனை. அங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது, மனசு வீட்டுக்கு இழுக்கும்.’ இருபத்தாறு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்கறீங்க. எந்த லிஃப்டுக்குங்க மனசு இழுக்குது?

— அது வந்து...

— யாரு இந்த ஜி?

— ஆளு இல்லம்மா. எழுத்து.

— எழுத்துக்கு வீடு எதுக்கு?

— சொன்னா சிரிப்ப.

— என் மூஞ்சியைப் பாருங்க. சிரிக்கற மூஞ்சியா இது?

— கிட்டார் கத்துக்கறேன்.

— என்னது?

— கிட்டார்.

— ஐம்பத்தி மூணு வயசுல. நீங்க குளிக்கும்போது பாடினா பக்கத்து வீட்ல ஜன்னலைச் சாத்தறாங்க.

— கிட்டாருக்குக் குரல் வேணாம். விரல் போதும்.

— காதுல பூ சுத்தாதீங்க. மூணு மாசமா சனிக்கிழமை பன்னெண்டு மணி ஆனா ஓவர்டைம்னு கெளம்பறீங்க. உங்க சூப்பர்வைசர் பேண்ட்டுக்கு அடி மடிக்க நம்ம தையல் கடைக்கு வந்தாரு. ‘சனிக்கிழமைதான் வேலையே இல்லையேக்கா, அண்ணன் வீட்லதானே இருப்பாரு’ன்னாரு. நல்லவேளை, அப்போ என் வாய் நிறைய குண்டூசி. இல்லன்னா அங்கயே மானம் போயிருக்கும்.

— அவன்கிட்ட நீ ஒண்ணும் கேக்கலையே?

— பயமா இருக்கா? இடது கையை நீட்டுங்க.

— எதுக்கு?

— நீட்டுங்கன்னா. ஊசி பிடிச்ச கை இது, எந்தத் தழும்பு எதுல வரும்னு எனக்குத் தெரியும். ஸ்பானர் பிடிச்சா உள்ளங்கை காய்க்கும். உங்களுக்கு நாலு விரல் நுனியும் காய்ச்சிருக்கு, கட்டைவிரல் மட்டும் வழவழன்னு இருக்கு.

— கம்பியை அழுத்தி அழுத்தி வந்தது. கட்டைவிரல் பின்னாடி தாங்கிக்கும், அதுக்குக் கம்பி படாது.

— பதிலெல்லாம் தயாரா வெச்சிருக்கீங்க. சரி, நிரூபிங்க.

— இங்க ஏது கிட்டார்?

— இந்தாங்க, துணி அளக்கற கோல். இதுதான் கிட்டார். சொல்லுங்க, ஜின்னா என்ன?

— அது ஒரு கார்டு. மூணு சுரத்தைச் சேத்து ஒரே வீச்சுல அடிக்கறது. பாட்டு ஜியில ஆரம்பிச்சா ஜிதான் வீடு. அங்கேர்ந்து எண்ணிப் பாரு. ஜி, ஏ, பி, சி. நாலாவது சி, அது வாசல். அஞ்சாவது டி, அது தெருமுனை. அங்க போனா காது சும்மா இருக்காது, திரும்பி வீட்டுக்கு வான்னு கூப்பிடும்.

— அப்புறம்?

— அவ்வளவுதான். நூறு பாட்டு இந்த மூணுலயே அடங்கும். ஏ வீடா இருந்தா டி வாசல், ஈ தெருமுனை...

— நில்லுங்க. இப்பத்தானே டி தெருமுனைன்னீங்க? அதுக்குள்ள வாசலா? பேச்சு மாறுது பாத்தீங்களா!

— வீடு மாறினா வாசலும் மாறாதா? நீயே எண்ணு. ஏ, பி, சி...

— டி. நாலாவதுதான். சரி, இருக்கட்டும். இவ்வளவையும் மண்டையில ஏத்தினது யாரு? உங்களுக்கு வீட்டு ஃபோன் நம்பரே ஞாபகம் இருக்காது.

— முதல்ல ஒரு புத்தகம் வாங்கினேன்.

— எங்க அது?

— கருவிப் பெட்டியில. பன்னெண்டு சுரத்தைக் கடிகாரம் மாதிரி வட்டமா போட்டு, உள்ள ஒரு வட்டம், அதுக்குள்ள இன்னொரு வட்டம். நாலாவது பக்கத்துலயே தலை கிறுகிறுத்துருச்சு. லிஃப்ட்டோட ஒயரிங் படம்கூட என்னை அப்படி மிரட்டினது இல்ல. வாத்தியார்தான் புத்தகத்தை வாங்கி மூடி, அதுமேல தண்ணி டம்ளரை வெச்சாரு. ‘இது எங்கயும் ஓடிப் போகாது. இந்த மாசம் மூணே மூணு. பேருகூட வேணாம். எது வீடுன்னு காது கண்டுபிடிக்கட்டும், பேரை அப்புறம் வெச்சுக்கலாம்’னாரு.

— வாத்தியாரா, வாத்தியாரம்மாவா?

— ஆம்பளதாம்மா.

— பேரு?

— கேக்கல.

— மூணு மாசமாவா?

— வாத்தியார்னே கூப்பிட்டுப் பழகிருச்சு.

— எச்சில் முழுங்கறீங்க. எந்த இடம்?

— பழைய தபாலாபீசுக்குப் பின்னாடி. மருந்துக் கடைக்கு மேல, மூணாவது மாடி.

— அங்க வேற யாரு இருப்பாங்க?

— யாரும் இல்ல. நானும் அவரும்தான்.

— வேற என்ன சொல்லித் தந்தாரு? நிறுத்தாதீங்க. நிறுத்தினாத்தான் எனக்குச் சந்தேகம் வருது.

— இதைப் பாரு. கோலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கறேன். மூணு விரலும் இப்படி இருந்தா ஈ மேஜர். கலகலன்னு இருக்கும். இப்போ ஆள்காட்டி விரலை மட்டும் எடுக்கறேன். அந்த ஒரு கம்பியோட சத்தம் ஒரே ஒரு படி இறங்கும். ஈ மைனர். அழுகை.

— ஒரு விரலுக்கா?

— ஒரு விரலுக்குத்தான். மத்ததெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். அவரு வாசிச்சுக் காட்டினாரு. எங்க வீட்லயும் இப்படித்தான் தம்பி, ஒரு ஆளு குறைஞ்சு எல்லாம் மாறிப்போச்சுன்னேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

— அவரு ஏன் குனியணும்?

— என்ன?

— நீங்க உங்க வீட்டுக் கதையைச் சொன்னா அவரு ஏங்க தலையைக் குனியணும்?

— இஸ்திரிப் பெட்டியை முதல்ல நிமித்தி வை. துணி தீயுது.

— தீயட்டும். சொல்லுங்க.

— உனக்குத் தெரிஞ்சவருதான்.

— எனக்குத் தெரிஞ்சு கிட்டார் வாசிக்கறவன் உலகத்துல ஒருத்தன்தான்.

— அவருதான். நம்ம மாப்பிள்ளை.

— அந்த வார்த்தை வேணாம்.

— சரி. உன் பொண்ணு கட்டிக்கிட்ட ஆளு.

— எத்தனை நாளா இந்தக் கூத்து?

— அந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுருச்சுன்னு கூப்பிட்டாங்க. மூணாவது மாடியில கிட்டார் வகுப்புன்னு பலகை, கீழ அவரு பேரு. அவங்க குடியிருக்கறதும் அங்கதான். அப்பாவா உள்ள போக எனக்கு முகமில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமா இந்த வாசல்ல வந்து நின்னாங்க. நீ கதவைச் சாத்தின. நான் உன் பின்னாடி நின்னு வேடிக்கை பாத்தேன்.

— பழசைக் கிளறாதீங்க.

— நீ கேட்ட, சொல்றேன். ஏதாவது சந்தேகம் கேக்கற சாக்குல போலாம்னுதான் புத்தகமே வாங்கினேன். சந்தேகத்துக்கா பஞ்சம்? நடிக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. அவரும் என்னை முன்னப்பின்ன பாக்காத மாதிரி, ‘பேரு சொல்லுங்க சார்’னு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

— அப்போ கிட்டார் வெறும் சாக்கு.

— முதல்ல சாக்குதான். இப்போ ஒரு வாரம் போகலன்னா விரல் நமநமங்குது.

— அவளைப் பாத்தீங்களா?

— இல்ல. சனிக்கிழமை அவ வேலைக்குப் போயிருவா.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

— இல்லன்னா இல்ல.

— போன சனிக்கிழமை?

— அன்னைக்கும் இல்ல.

— பொய்.

— உனக்கெப்படித் தெரியும்?

— உங்க பின்னாடியே வந்தேன். எவளோ ஒருத்தின்னு நினைச்சுத்தான் வந்தேன். என்னென்ன கேக்கணும், எப்படி நாறடிக்கணும்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டே மாடி ஏறினேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு.

— எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைக் குடைஞ்ச?

— நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். எதுக்குங்க மறைச்சீங்க?

— அவதான் கேட்டுக்கிட்டா. முதல் ஒரு மாசம் உள்ரூமை விட்டு அவ வெளியவே வரல. அப்புறம் வந்தா. ‘அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, சொன்னா இதையும் நிறுத்திருவாங்க’ன்னா.

— அப்படியா சொன்னா?

— ம்.

— என்னைப் பத்தி அப்படியா நினைச்சிருக்கா?

— வேற எப்படி நினைப்பா, சொல்லு?

— அன்னைக்கு நீங்க என்னமோ வாசிச்சுக்கிட்டிருந்தீங்க. நல்லாத்தான் போச்சு. திடீர்னு தடம் மாறி, தகர டப்பா விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

— அது எஃப். இன்னும் எனக்குப் பிடிபடல.

— எதுவோ. உடனே உள்ளேர்ந்து ஒரு சிரிப்பு. மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. நான் அப்படியே படியில உக்காந்துட்டேன்.

— உள்ள வந்திருக்கலாமேம்மா.

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? கதவைச் சாத்தினவ நான்.

— வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் சேந்து போவோம். நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா.

— என்னால முடியாதுங்க. இன்னும் முடியாது.

— பின்ன எதுக்கு இந்த விசாரணையெல்லாம்?

— ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டு இப்போ தப்பில்லாம வருதா?

— வந்துரும். இந்த வாரம் பூரா மனசுக்குள்ள வாசிச்சுப் பாத்துட்டேன்.

— வேணாங்க. வர்ற சனிக்கிழமையும் தப்பாவே வாசிங்க. கதவை மட்டும் சாத்தாதீங்க, நான் படியில உக்காந்திருப்பேன்.