ஆறாவது தேர்வு

கால்பந்து லீக்குக்கு அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்து இன்றோடு பதினைந்து நாட்கள் ஆகின்றன. நம் அணி எடுத்த ஆறு பேரைப் பற்றியும் மதிப்பீடு எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள், உமர் பாரூக் சார். தாமதத்துக்கு மன்னியுங்கள். நேரில் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் ஐந்து பேரில் எனக்குப் பெரிய குறை இல்லை. கோல்கீப்பர் ஹனீனுக்கு உயரம் போதாது என்று பலர் சொன்னார்கள். ஆனால் கார்னர் பந்துக்கு வெளியே வரும் நேரம் அவருக்குச் சரியாக வாய்த்திருக்கிறது. உயரக் குறையை அது ஈடுகட்டிவிடும். தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் ஒரே ஊரில் சேர்ந்து ஆடியவர்கள். அவர்களில் ஒருவர் மூன்றாவது சுற்று வரை மிச்சமிருந்தது நம் அதிர்ஷ்டம். நடுக்கள வீரருக்கு முழங்காலில் பழைய காயம் இருக்கிறது. மழை முடியும் வரை அவரை முழு ஆட்டம் ஆடவைக்க வேண்டாம். முன்கள வீரருக்கு வயது கூடுதல்தான், ஆனாலும் இரண்டு வருடம் தாங்குவார்.

ஆறாவது தேர்வுதான் சிக்கல். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு அணியும் சொந்த மாவட்டத்துப் பையன் ஒருவனை எடுத்தாக வேண்டும் என்பது விதி. நமக்கு இடது விங்கில் ஆள் தேவை. அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் எங்கள் ஊர் முக்கூடல். ஒருவன் தேவேந்திரன். இன்னொருவன் என் தம்பி மகாராஜா.

தம்பி போட்டியில் இருப்பதால் அவர்களுடைய ஆட்டக் கணக்கை நான் பார்க்கக் கூடாது என்று அப்போதே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "ஒனக்குப் பொய் எழுத வராதும்மா, நீயே பாரு" என்றீர்கள். அது உண்மை. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. வேகத்தில், கிராஸில், பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடுவதில், எல்லாவற்றிலும் தேவேந்திரன் முன்னால் இருந்தான். அதை அப்படியே உங்களிடம் கொடுத்தேன்.

பயிற்சிக்கு மூவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். கடைசி இருக்கையில் உட்கார்ந்து டவுண் வரும்வரை அவர்கள் ஒருவரையொருவர் வாருவார்கள்.

"ஏலே, பேருல மட்டும் மகாராசான்னு இருந்தாப் போதுமா? பந்து என் காலுலல்லா கெடக்கு."

"ஆமா, பெரிய இவன். எடுத்துட்டாவன்னா எங்களையெல்லாம் மறந்துருவ."

"எப்படிலே மறப்பேன்? ஒனக்கு முன் வரிசையில டிக்கெட்டு வாங்கித் தாரேன். வந்து நல்லா கைதட்டு."

தம்பியும் சேர்ந்து சிரித்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்பாவுக்கு மலையில் எஸ்டேட் வேலை போய்விட்டது. அம்மா பீடி சுற்றுகிறாள். இந்த வருடம் தவறினால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

எண்ணை மாற்றினால் அது பொய். ஒருவன் உண்மையிலேயே மெதுவாக ஓடினால் அந்த எண் பொய்யாகாது. நான் யோசித்தது இவ்வளவுதான்.

அம்மா ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை. நான் உயிர்வேதியியல் படித்தவள். அதைச் சாப்பிட்டு ஓடினால் கால் கனக்கும், வேகம் ஏறாது, மறுநாள் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

டிராஃப்டுக்கு முந்தின நாள் கடைசி ஓட்டத் தேர்வு வைத்தீர்கள். அதற்கு முன் குளுக்கோஸ் எதுவும் தேவேந்திரன் குடிக்க மாட்டான். பழைய சோற்றின் நீத்தண்ணிதான், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு. அவன் அம்மா இசக்கித்தாய் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். அன்று விடியுமுன் வேனில் ஸ்ரீவைகுண்டம் போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டிலிருந்து நான் இரண்டு பாட்டில் எடுத்து வந்தேன். தம்பிக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.

பஸ்ஸில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "எக்கா, என்ன இப்படிக் கசக்குது?"

"வெங்காயம் கூடிட்டு."

"நீத்தண்ணிக்கே இந்தப் பாடா? ஒங்களக் கெட்டுதவன் பாவம்" என்று சொல்லி முழுவதையும் குடித்தான்.

மைதானத்தில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். முதல் ஓட்டத்தில் வேகம் குறைந்தது. குறித்துக்கொண்டேன். இரண்டாவதில் தம்பி அவனை முந்திவிட்டான். போதும் என்று நினைத்தேன். நான்காவதில் கோட்டைத் தாண்டியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், பிறகு உட்கார்ந்தான். வெயில் என்று சொல்லித் தண்ணீர் தெளித்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு என்று உங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. முக்கூடலில் எல்லாருக்கும் தெரியும். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பாடத்தில் இருந்தது. அன்று காலை எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் நம் அணி மகாராஜாவை எடுத்தது. மதிப்பீடாகச் சொன்னால், தவறான தேர்வு. அவன் நல்ல ஆட்டக்காரன், ஆனால் இந்த லீக்குக்குப் போதாது. நீங்கள் கொடுத்த சட்டையை இன்னும் கவரிலிருந்து பிரிக்கவில்லை. நண்பன் போன துக்கம் என்று அம்மா நினைக்கிறாள்.

இதை இத்துடன் நிறுத்தியிருக்கலாம். நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்து இசக்கித்தாய் அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏட்டி பிரியா, அவன் பம்பு மட்டும் காங்கல. பையில பாத்தேன், சட்டையில பாத்தேன், எங்கனயும் இல்ல. லோடுக்கு நேரமாயிட்டுன்னு ஓடுன ஓட்டத்துல நான் எடுத்து வைக்கலபோல. எம்புள்ளைய நானேல்லா கொன்னுட்டேன்."

மூச்சு அடைக்கும்போது வாயில் வைத்து அடிக்கும் மருந்தை எங்கள் ஊரில் பம்பு என்பார்கள். "அப்படிச் சொல்லாதீங்க அத்த" என்றேன். அவர் எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடினார்.

அத்தை மறக்கவில்லை, சார். அவன் எடுத்துத்தான் வந்தான். மைதானத்து வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"எக்கா, இத ஒங்க பையில வச்சுக்கிடுங்க. சார்மாரு பாத்தா சீக்காளின்னு கழிச்சிருவாவ. நான் கை காட்டுனா கொண்டாங்க."

நான்காவது ஓட்டம் முடிந்து உட்கார்ந்தபோது அவன் கை காட்டினான். தண்ணீர் கேட்கிறான் என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பை என் தோளில் இருந்தது. நான் திறக்கவில்லை.