மஞ்சள் கோடு

கியர் முரடாக விழுந்தால் எல்லோரும் கியர் பெட்டியைத்தான் திட்டுவார்கள், ஐயா. பெரும்பாலும் அது பாவம், ஒன்றும் செய்திருக்காது. வண்டி நிற்கும்போதே இன்ஜின் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் கியர் கம்பியின் நீளம் கொஞ்சம் மாறியிருக்கும். இருபத்தாறு வருடமாக இதே வேலையைப் பார்க்கிறவன் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் வண்டியிலும் அதுதான் கோளாறு. ஏடிவி என்கிறார்களே, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டி, அது. கல் குவாரியில் அவர் மேற்பார்வையாளர். தினமும் பத்துத் தடவையாவது குழியின் விளிம்பை ஒட்டிய சரிவில் ஏறி இறங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"கியர் போட்டா கட்டையால அடிக்கிற மாதிரி சத்தம் வருது, மாமா. நான் கிளம்பறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. அடுத்து வர்றவன் என்னைத் திட்டக் கூடாது."

நல்ல பிள்ளை. அடுத்து வருகிறவனைப் பற்றிக்கூட யோசித்தார். என்னைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. தொலைவில் வேறு வேலை கிடைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப இருந்தார்.

என் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் மகள் அடுத்த தெருவில்தான் இருந்தாள். காலையில் பட்டறை வாசலில் நின்று, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அந்தக் கேள்வி இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மானத்தை விட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒரு வருசம் கழிச்சுப் போகலாமே, மாப்ளே."

"டிக்கெட் போட்டாச்சு மாமா. நீங்க அடிக்கடி வந்துட்டுப் போங்க."

பெற்ற மகளைப் பார்க்க என்னை விருந்தாளியாக வரச் சொன்னார்.

முதலில் வண்டியை ஒழுங்காகத்தான் சரிசெய்தேன். இன்ஜின் வேகத்தைக் குறைத்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்புறம் கியர் கம்பியை இரண்டு சுற்று கூடுதலாகத் திருகினேன். அப்படி வைத்தால் இறக்கத்துக்குப் போடும் கியர் அரைப் பல்லில்தான் பிடிக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. சரிவில் பாரம் தள்ளும்போது கழன்றுகொண்டு, வண்டி தன் பாட்டுக்கு உருளும். பிரேக்கை நான் தொடவில்லை, ஐயா. அது தேய்ந்துபோயிருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கால் உடையும் என்றுதான் நினைத்தேன். எலும்பு ஒன்றுசேர ஆறு மாதமாகும், அதுவரை அந்தப் புது வேலை அவருக்காகக் காத்திருக்காது. நானே தூக்கி உட்காரவைத்து, சோறு ஊட்டி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். குவாரி விளிம்புக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். வண்டி பழுது பார்க்க அங்கே போயிருக்கிறேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். எந்த நட்டை இறுக்கினாலும், நட்டையும் கம்பியையும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கும் கை அதன் பாட்டுக்குப் போட்டுவிட்டது.

வியாழக்கிழமை மதியம் அவர் வண்டியோடு கீழே விழுந்தார். மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. நொறுங்கிய வண்டியைப் பார்த்தவர்கள், கியர் கம்பியின் நட்டு தளர்ந்திருக்கும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மகள் மட்டும் குனிந்து பார்த்தாள். சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் போட்டவள் அவள். பழைய கோட்டின் தடம் இரண்டு மரை, அதாவது இரண்டு சுற்று, தள்ளி இருந்தது. புதுக் கோடு விலகவே இல்லை.

"நட்டு நகரலியேப்பா," என்றாள். அழவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது முடிந்ததும் அவளை உள்ளே வரச் சொல்லுங்கள், ஐயா. வெளியே பெஞ்சில்தான் இருப்பாள், எங்கும் போயிருக்க மாட்டாள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, வந்ததும் அதைத்தான் முதலில் கேட்பாள். இனிமேல் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.