வெள்ளை மாறாத ஆயில் பில்டர்

திருவொற்றியூர்ப் பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னே லாரி ஓட்டுநர் இருவர் நின்றிருந்தனர். முதலாமவர் காகிதத்தில் சுற்றிய ஆயில் பில்டர் ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்.

“இது ஒண்ணு போதும் மாமு, என் வேல தப்பிச்சிக்கும்,” என்றார் அவர்.

“இன்ஜின் ஜாம் ஆயி லாரி எண்ணூர் ரோட்ல நிக்குது. இத வச்சிகினு இன்னா பண்ணுவே?” என்று மற்றவர் வினவினார்.

“ஆயில் கலீஜா கீது, நான் கவனிக்கலன்னு மொதலாளி சொல்றாரு. ராயபுரம் போயி இத அவரு கைல குடுப்பேன். ஆறு மாசம் ஓடிக்கீது. வாங்கின மேனிக்கே வெள்ளையா கீது பாரு.”

“யாரு வாங்கினது?”

“நான்தான், கட கடயா ஏறிப் பாத்து எடுத்தேன். முன்ன இருந்தது மாசாமாசம் கருப்பாப் பூடும். பேஜாரு புடிச்ச சரக்கு.”

“அதே இன்ஜின், அதே ஆயிலு. அதுல புடிச்ச அழுக்கு இதுல ஏன் நைனா புடிக்கல?”

முதலாமவர் காகிதத்தைப் பிரித்து, பில்டரை நெடுநேரம் நோக்கினார்.

“அப்ப அந்த அழுக்கெல்லாம் எங்க பூட்ச்சு?”

“எண்ணூர் ரோட்ல நிக்குதே, அதுக்குள்ளதான்.”

இராயபுரம் செல்லும் பேருந்து வந்தது. வரிசையின் முதலில் நின்றிருந்த அவர், பில்டரை மீண்டும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, எங்கள் அனைவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.