அக்காவின் சுவர்

கண்காட்சிக்குப் போனால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது, இன்ஸ்பெக்டர் மேடம். படம் வைத்திருக்கும் மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் மாடிப்படி வரை போவேன், தண்ணீர் குடிப்பேன், திரும்பி வந்து என் படத்துக்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இல்லையென்றால் மறுபடி படிக்கட்டு.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். செருப்புப் போட்ட வாத்து, குடை பிடித்த யானை, இப்படி. எங்கள் ஊர் நூலகத்தின் மாடிக் கூடத்தில் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சுவர் உண்டு. "அட, என் பொண்ணுகிட்ட இந்தப் புத்தகம் இருக்கே" என்பார்கள், சிரிப்பார்கள், அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த சுவர் அக்காவுடையது.

அக்கா துணி தைத்துக்கொண்டிருந்தவள். கணவர் இறந்த பிறகு மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். பொழுது போகட்டுமே என்று மிச்சமிருந்த வண்ணங்களையும் முடி உதிர்ந்த தூரிகைகளையும் நான்தான் கொடுத்தேன். காலி நாற்காலி, துணி காயும் கொடி, பாதி திறந்த ஜன்னல் என்று வரைந்தாள். அவற்றின் முன்னால் வந்தவர்கள் பேச்சை மறந்து நின்றார்கள். ஒரு தடவை ஒரு பெண் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படம் மறைக்குது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தள்ளி நின்றேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நிம்மதியாக நிற்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடுகிறது என்று டாக்டர் சொன்னார். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் பார்வை தங்கும், விட்டுவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போனது திரும்பாது என்றார். அக்காவுக்குத் தானே விட்டுக்கொள்ள வராது. இமை துடித்து, மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்துவிடும். "குட்டி, நீயே விட்டுடுடி" என்றாள்.

குப்பியின் மூக்கைக் கழற்றி மருந்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டித்தான் நிரப்பினேன். கண் விஷயம் பாருங்கள், கிருமி சேர்ந்துவிடக் கூடாது.

"மருந்து ஒழுங்கா விடுறீங்களா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "என் தங்கச்சி ஒரு வேளை தவற விடமாட்டா, டாக்டர்" என்பாள் அக்கா, பெருமையாக. அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் அவர். அக்கா பயந்தாள். நான் அந்தப் பயத்தைப் போக்கவில்லை.

பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கச் சுருங்க, அக்காவின் படங்கள் இன்னும் நன்றாக வந்தன. நாற்காலியின் விளிம்பு கரைந்து சுவரோடு கலந்தது. அந்த ஆண்டு அவள் சுவருக்கு முன்னால் வரிசையே நின்றது. நான் எதிர்பார்த்தது அதுவல்ல. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் அதுவரை செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்?

போன கண்காட்சிக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பார்வையாளராக வந்தாள். அவள் சுவரையும் எனக்கே கொடுத்திருந்தார்கள். "என்ன வெச்சிருக்க, சொல்லுடி" என்றாள். ஒவ்வொரு படமாகச் சொன்னேன். "வாத்துக்கு என்ன கலர் செருப்பு?" என்று கேட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அக்கா இப்ப வரையறதில்லையா?" அன்றும் என்னால் நிற்க முடியவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகள் போன வாரம் விடுமுறையில் வந்தாள். வரும் வழியில் அதே மருந்தைப் புதிதாக வாங்கி வந்து, தானே விட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எரியுதேடி! என்னத்தடி விட்ட?"

"உன் மருந்துதாம்மா. கொஞ்சம் எரியும்னு அட்டையிலயே போட்டிருக்கு."

"சித்தி விட்டா எரியவே எரியாதே. குளுகுளுன்னு இருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். போய் என் குப்பியை எடுத்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தாள்.

ஆமாம், அக்காவின் கண்ணைப் பறித்தது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மகள் சொன்னதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டாள். உங்கள் வண்டி வந்ததும் மகளோடு எழுந்தாள். வாசலில் ஒரு படி இறக்கம், புதிதாக வருகிறவர்களே தடுமாறுவார்கள். "கையைப் பிடிச்சுக்கோக்கா" என்று நீட்டினேன். அவள் பிடிக்காமல் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனாள்.

பாவம், பார்வை இல்லையே. என் கை எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.