நோர்டர்கோக்கில் பேட்டரி வண்டியை விட்டு இறங்கியது பற்றி

என் பெயர் புரோடர் யெஸ்ஸன். வயது ஐம்பத்தேழு. ஹூசும் நகரம், துறைமுகத் தெருவில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி பிரிந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. ரயில் ஓட்டுநர். நோர்டர்கோக் கடைசி நிலையத்துக்கு எதிர்வீட்டில் இருந்த வீப்கே கார்ஸ்டென்ஸ் அம்மாள், வயது எழுபத்து நான்கு, வீட்டுக்குள் விழுந்து கிடந்து, பிறகு மருத்துவமனையில் இறந்தது சம்பந்தமாகவும், புதன்கிழமை நான் வண்டியை விட்டு இறங்கியது சம்பந்தமாகவும் ஆய்வாளர் கேட்டதற்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார்ஸ்டென்ஸ் அம்மாள் தபால் பட்டுவாடா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது மந்தம். சுற்றியுள்ளவை ஹாம்பர்க்காரர்களின் கோடை வீடுகள், கோடை முடிந்தால் அங்கே ஈ காக்காய் கிடையாது. டீசல் வண்டி ஓடிய காலத்தில் அது இரண்டு ஊர் தள்ளி வரும்போதே அந்த மந்தக் காதுக்கும் கேட்டுவிடும். உடனே காப்பி போட்டு, வண்டி வந்து நிற்கும்போது ஃப்ளாஸ்க்கோடு என் ஜன்னலடியில் நிற்பார். அன்றன்றைக்கு நான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவது அவரிடம் மட்டும்தான். அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

அதன் பிறகு டீசலை நிறுத்துவது என்றாகி, பாதை முழுக்க மேலே மின்கம்பி கட்டுவதா, பேட்டரி வண்டி விடுவதா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். சதுப்பு மண்ணில் கம்பம் நிற்காது என்று ஒருவரும், குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று இன்னொருவரும் கத்திக்கொண்டிருக்க, கார்ஸ்டென்ஸ் அம்மாள் எழுந்து, மூடுபனியில் காட்டு வாத்துகளுக்குக் கம்பி தெரியாது, மோதிச் சாகும், பேட்டரியே போதும் என்றார். வண்டி வருவது உமக்குக் கேட்காதே என்று யாரோ சீண்டியதற்கு, "சத்தம் போடாத ஆம்பளையத் தேடித்தேடிப் பாத்தேன், கிடைக்கல. சத்தம் போடாத ரயிலாவது வரட்டும்" என்றார். கூட்டமே சிரித்தது. பேட்டரிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

புதிய வண்டி வந்தது. கடைசி நிலையத்தில் மட்டும் கொஞ்ச தூரம் கம்பி உண்டு. அதன் கீழே நிறுத்தி, வண்டிக் கூரையிலுள்ள கரத்தைக் கம்பியில் படும்படி உயர்த்தி, பேட்டரி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுநர் இறங்கக் கூடாது என்பது விதி. முன்பைவிட அதிக நேரம் நிற்கலாம் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை. ஆகவே நிலையத்துக்கு முன்னாலுள்ள மதகைத் தாண்டியதும் தினமும் ஒரு தடவை ஹாரன் ஊதினேன். ஊத வேண்டிய இடமல்ல அது. கோடை வீட்டுக்காரர்கள் புகார் செய்து, மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "சத்தமில்லாத வண்டிய வாங்கிக் குடுத்தா நீ ஊதிக்கிட்டுப் போறியாமே" என்றார். நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு கார்ஸ்டென்ஸ் அம்மாள் சில நாள் நேரத்துக்கு வருவார், சில நாள் நான் கிளம்பும்போது மூச்சிரைக்க வந்து ஃப்ளாஸ்க்கை ஆட்டிக் காட்டுவார்.

திங்கட்கிழமை பிற்பகல் அவர் வரவில்லை. வண்டி வந்தது தெரிந்திருக்காது என்று நினைத்தேன். கொடியில் படுக்கைவிரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. மழை பெய்தது, விரிப்பு கொடியிலேயே நனைந்துகொண்டிருந்தது. துணியை மழையில் விடுகிற ஆள் அல்ல அவர். அதைப் பார்த்தும், ஊதாமல் வந்ததால்தான் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டு, மேலாளரைத் திட்டியபடி உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை விரிப்பு கொடியில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதன் பிறகு நான் இறங்கி ஓடினேன்.

கதவு தாழிட்டிருக்கவில்லை. நடையில் ஒருக்களித்துக் கிடந்தார், நினைவு இருந்தது. அருகில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. நடையின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, முக்காலி போட்டு ஏறினால்தான் தண்டவாளம் தெரியும். திங்கட்கிழமை வண்டி வருகிறதா என்று பார்க்க ஏறியதாகச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, என் கோட்டைப் போர்த்தி, துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அதன் பிறகு, நான் வந்தது உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

"தெரிஞ்சுது புரோடர். தரையில காத வச்சுக் கிடந்தா, உன் வண்டி நிக்கிறது ம்ம்முனு கேக்குது. தினமும் வந்தே. நானும் கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார்.

வண்டியில் என் ஓட்டுநர் அறையின் ஜன்னல் குளிருக்காக மூடியிருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, வண்டிக்கு நேரமாகிறது போ என்றார். வெள்ளிக்கிழமை இறந்ததாகத் தகவல் வந்தது.

வண்டி தாமதமாகப் புறப்பட்டதற்குப் பயணிகள் ஏசினார்கள். இறங்கியதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு நாள் இறங்காததற்கு விதியில் தண்டனை எதுவும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அவர் கிடந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஆய்வாளர் கேட்டார். மீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது. கூப்பிடு தூரம் என்று எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது, எதுவும் பொய்யில்லை.

(ஒப்பம்) புரோடர் யெஸ்ஸன்