செர்வியுஸுக்கு வெள்ளை அங்கி

— ஊர்வலத்துக்கு வந்த ஆளுங்க வாசல்ல மழையில நிக்கிறாங்க அண்ணி. குழல்காரன் வேற அப்பப்ப எட்டிப் பாக்குறான். பையனை உடுத்தி வெளிய அனுப்புங்க, சொன்னா கேளுங்க.

— உள்ள தாதி உடுத்திவிட்டுக்கிட்டுதான் இருக்கா தம்பி. புது அங்கி, மடிப்பு நிக்க மாட்டேங்குது. நீங்க அடுப்போரமா உக்காருங்க. தேன் விட்ட திராட்சை மது சூடா இருக்கு.

— எனக்கு ஒண்ணும் வேணாம்.

— உங்க அண்ணன் மகன் செர்வியுஸ் இன்னிக்குக் கழுத்துத் தாயத்தைக் கழட்டிட்டு ஆம்பளை ஆகுறான். ஒரு வாய்கூடவா இறங்கலை?

— சடங்கு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க.

— வசந்தத் திருவிழாவுலதான இந்தச் சடங்கை வைப்போம். இப்படிக் கொட்டுற குளிர்ல நம்ம குடும்பத்துல யாரும் வச்சதா எனக்கு ஞாபகம் இல்லை.

— மத்த வருஷம் மாதிரியா இந்த வருஷம்? சீசரைக் குத்திப் போட்டதுலேருந்து ரோம் ரோமாவா இருக்கு? அவரோட வளர்ப்புப் பிள்ளையைப் பாருங்க. இருபது வயசு. முகத்துல முடிகூட ஒழுங்கா முளைக்கலை. பட்டாளத்தோட ஊருக்குள்ள வந்து எல்லாத்துலயும் பெரிய பதவியை எடுத்துக்கிட்டான். இப்ப இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு ஆத்து நடுவுல ஒரு திட்டுல உக்காந்து, யாரு இருக்கணும் யாரு போகணும்னு பேசி முடிச்சிட்டாங்க. அந்த மூணு பேர்லயும் இவனுக்குத்தான் வயசு கம்மி, நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. கடைசியில இவன் ஒருத்தன்தான் மிஞ்சுவான், பாத்துக்கிட்டே இருங்க. செர்வியுஸ் ஆம்பளை ஆயிட்டா நாளைக்கே அவன் முன்னாடி போயி நிக்கலாம். எங்கப்பா மானியுஸ் உங்களுக்காகப் போர்ல செத்தார்னு சொல்லலாம்.

— அது சரி. உங்க அண்ணன் செத்து எத்தனை மாசம் ஆச்சு. அந்தப் பொடியன் பக்கத்துலேருந்து துக்கம் கேக்க ஒரு நாதி வரலை.

— மெல்லப் பேசுங்க. அடிமைங்க காதுல விழுந்தா போதும், அப்படியே கொண்டுபோயி சொல்லிட்டு விடுதலை வாங்கிக்குவானுங்க.

— அவங்களை எல்லாம் நேத்தே தோட்டத்துக்கு அனுப்பிட்டேன். தாதி மட்டும்தான் இருக்கா.

— என் பையன் கேசோ எங்க?

— உள்ளதான், செர்வியுஸ் கூட. ரெண்டும் ஒரே உயரம் வந்துடுச்சுங்க, பின்னாடியிருந்து பாத்தா எனக்கே குழம்புது.

— அவனை வெளிய விடாதீங்க. ஊர்வலத்துக்கு அவன் வேணாம். சளிக்கட்டு அவனுக்கு.

— கூட நடக்கணும்னு துடிக்கிறான் பாவம்.

— வேணாம்னா வேணாம் அண்ணி. பின்கட்டுலயே இருக்கட்டும்.

— அப்ப நீங்களாவது நடங்க. அப்பன் இல்லாத பிள்ளை. சித்தப்பாதான கையைப் பிடிச்சு மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.

— முட்டி வலி. மடக்க முடியலை.

— வரும்போது படியில ஓடி ஏறினீங்களே.

— அப்ப தெரியலை. உக்காந்ததும் பிடிச்சுக்கிச்சு.

— ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. செர்வியுஸ் கழுத்துல தாயத்து கிடக்கிற வரைக்கும் அவனுக்குக் காவல் நீங்க. தோட்டம், எண்ணெய்ச் செக்கு, இந்த வீடு எல்லாம் உங்க கையில. அவன் வெள்ளை உடுத்திட்டா உங்க பிடி விட்டுப்போச்சு. கையில இருக்கிறதை எதுக்கு இவ்வளவு அவசரமா விடுறீங்க?

— பாசம்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? நான் என்ன அவ்வளவு மோசமானவனா? எங்கண்ணன் என்னைத் தூக்கி வளத்தார் அண்ணி.

— வளத்தார். நானும் பாத்திருக்கேன்.

— அப்புறம் என்ன.

— கொல்லர் தெருவுல ஒரு பையன். அவனும் அப்பன் இல்லாதவன், சொத்து உள்ளவன். மன்றத்துல தலைக்கு விலை போட்டுப் பேரு எழுதி வைக்கிறாங்களே, அந்தப் பலகையில சின்னப் பசங்க பேரை ஏத்தச் சட்டம் இடம் கொடுக்கலையாம். அதனால வெள்ளை அங்கியை மாட்டிவிட்டு ஆம்பளை ஆக்கிட்டாங்க. குழல் ஊதிக்கிட்டுப் போற வழியிலயே பேரு ஏறிடுச்சு. கூட நடந்த சொந்தக்காரன் ஒருத்தன் நிக்கலை. சிப்பாய்ங்க தலையை எடுத்துட்டுப் போனாங்க. மிச்சத்தை அவன் அம்மா போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்தா.

— எவனோ கட்டிவிட்ட கதை.

— நேத்து நான்தான் அவளைக் குளிப்பாட்டிவிட்டேன் தம்பி. தலைமுடியெல்லாம் ரத்தம் காஞ்சு ஒட்டிக்கிடந்துச்சு.

— அது வேற குடும்பம். அவங்க யாரை எதிர்த்துக்கிட்டாங்களோ. நம்ம பேரு அதுல வராது.

— சத்தியம் பண்ணுங்க.

— இந்த வீட்டுச் சாமி மேல சத்தியம்.

— சாமி வேணாம். சாமிங்க இந்த ஊரைக் கண்டுக்கிறதையே விட்டுடுச்சுங்க. கேசோ மேல பண்ணுங்க.

— பிள்ளை மேலெல்லாம் எதுக்கு?

— உண்மைன்னா பண்றதுல என்ன கஷ்டம்? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. அங்கியைக் கழட்டிப் போட்டுட்டு வாசல்ல நிக்கிறவங்களை அனுப்பிடுறேன். ஏன் எதுக்குன்னு உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உங்க அண்ணன் மேல ஆணை, கேக்க மாட்டேன்.

— நீங்க ரொம்பத்தான் பயப்படுறீங்க. சரி. கேசோ மேல சத்தியம். பையனுக்கு ஒண்ணும் ஆகாது. போதுமா?

— போதும். அடியே தாதி, பிள்ளையை அனுப்பு. மழை கொட்டுது, அங்கியைத் தலைமேல நல்லா இழுத்து மூடிவிடு. வாசல் தாண்டுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு, சடங்கு. இதோ வர்றான். ஒரு வார்த்தை வாழ்த்தி அனுப்புங்க தம்பி.

— அடுப்பு புகையுது. கண்ணைத் திறக்க முடியலை. போகட்டும், நேரம் ஆச்சு.

— திரும்பிக்கூடப் பாக்கலை நீங்க.

— கதவைச் சாத்துங்க அண்ணி.

— திறந்தே இருக்கட்டும். குழல் எது வரைக்கும் கேக்குதுன்னு பாக்கணும். ஓடிப்போயி கூப்பிட்டா இப்பகூடத் திரும்பிடுவாங்க. எதாவது சொல்லணும்னா சொல்லுங்க.

— சொல்றதுக்கு என்ன இருக்கு.

— கிணத்தைத் தாண்டிட்டாங்க.

— கதவைச் சாத்துங்களேன், குளிருது.

— கறிக்கடை முக்குல திரும்புறாங்க. தம்பி, கடைசியா கேக்குறேன்.

— ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல.

— குழல் நின்னுடுச்சு.

— அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க.

— எதுக்கு?

— என் பேரைத்தான் எழுத இருந்தாங்க. பட்டாளத்துக்குக் கூலி கொடுக்கக் காசு இல்லை அவங்ககிட்ட. யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு எவன் பாக்குறான், சொத்துதான் கணக்கு. பலகை எழுதுறவன் என்னைத் தனியா கூப்பிட்டு, உன் பேரு வேணாம்னா உன் குடும்பத்துலேருந்தே பெரிய சொத்துள்ள பேரா ஒண்ணு கொடுன்னான். நான் போனா கேசோ தெருவுல நிப்பான். அவனுக்கு அம்மாவும் இல்லை. நான் என்ன பண்ணட்டும்? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— முக்குல காத்திருந்த சிப்பாய்ங்களுக்குச் செர்வியுஸை அடையாளம் தெரியுமா?

— முகம் தெரியாது. தாயத்து இல்லாம வெள்ளை அங்கியில வர்ற பையன்னு சொன்னேன். உயிர்ப் பயத்துல நான் அவன் இல்லை, என் பேரு வேறன்னுதான் கத்துவான், காதுல வாங்கிக்காதீங்கன்னு சொன்னேன். வலிக்காம முடிங்கன்னும் சொன்னேன் அண்ணி. கெஞ்சித்தான் சொன்னேன்.

— அது சரி.

— அழுங்க. இல்லை என்னை அடிங்க. இப்படிப் பாத்துக்கிட்டே நிக்காதீங்க, என்னால தாங்க முடியலை.

— உக்காருங்க தம்பி. எங்க போறீங்க?

— இப்பவே ஊரை விட்டுக் கிளம்புறோம். இந்தக் கண்றாவியை அவன் பாக்கக் கூடாது. கேசோ. டேய் கேசோ, வா போகலாம். அவனைக் கூப்பிடுங்க அண்ணி.

— கத்தாதீங்க, செர்வியுஸ் மாடியில தூங்குறான். உங்க பிள்ளைதான் நடக்கணும்னு துடிச்சான், அங்கியை அவனுக்கு உடுத்திவிட்டேன்.