அழைப்பிதழில் ஓர் ஆளுநர்

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறியதும் புத்தகத்தை விரித்தேன். ஒட்டுக்கேட்பவனுக்கு அது நல்ல மறைப்பு. முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்து நண்பர்கள். ஒருவர் மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறார்.

“மச்சான், வெள்ளைக்கார மாப்பிள்ளையின்ர அப்பப்பா அமெரிக்காவில ஆளுநரே இல்லையாம். ஐம்பதுகளில தேர்தலில நிண்டு, மயிரிழையில தோற்றவராம்.”

“நீ ஊரெல்லாம் ஆளுநரின்ர பேரப்பிள்ளை எண்டு சொல்லிப்போட்டாயே!”

“அதுதானே! கலியாணக் காட் இண்டைக்கு அச்சுக்குப் போகுது. அவற்ற பேருக்கு முன்னால என்ன போடுறது?”

“‘கிட்டத்தட்ட ஆளுநர்’ எண்டு போடு.”

“பகிடி விடாதை. வாக்கை மூண்டு தரம் எண்ணினவங்களாம்.”

“அப்ப ‘மும்முறை எண்ணப்பட்ட’ எண்டு போடு. கம்பீரமா இருக்கும்.”

சிரிப்பை இருமலாக்கினேன். பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

“சரி, உன்ர பேருக்கு முன்னால?”

“என்னத்தைப் போட? நானும் கோயில் தலைவர் தேர்தலில ஒரு வாக்கால தோற்றவன்தானே.”

“அப்ப ரெண்டு குடும்பமும் நல்ல பொருத்தம்.”

“அந்த ஒரு வாக்கு ஆர்ர எண்டும் எனக்குத் தெரியும், மச்சான்.”

ரயில் நின்றது. மற்றவர் அவசரமாக எழுந்தார். கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“நீ ஆளுநர் எண்டே போடு. நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்.”

நானும் யாரிடமும் சொல்வதாக இல்லை.